யன்னலோரத்துக் கோதுமைப் புல்லும் முளைப்பயறும்



சென்ற மாதம் வானொலியில் நான் பேசிய பத்து நிமிட உரைக்குப் பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி, "கோதுமைப் புல்லை எத்தனையாம் நாள் வெட்டுவது?" என்று கேட்டவை. மற்றப் பாதி, "இதைக் குடித்தால் சீனி வருத்தம் மாறுமா?" என்று கேட்டவை. முதல் கேள்விக்குப் பதில், ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். இரண்டாவதற்குப் பதில், மாறாது. ஏன் மாறாது என்பதையும், நான் ஏன் அதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் அன்று சொல்ல நேரம் போதவில்லை. அதனால் அந்த உரையைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பலேர்மோவுக்கு வந்த புதிதில் நான் வேலைக்குப் போன வீட்டில் ஒரு வயதான சின்யோரா இருந்தார். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் அவர் நாலைந்து பீங்கான்களை எடுத்து, அவற்றில் பஞ்சைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, கோதுமையையும் லென்ட்டிக்கியே பருப்பையும் நெருக்கமாகத் தூவினார். பிறகு எல்லாவற்றையும் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். பாவம், மனுசிக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கதவைத் திறந்து தண்ணீர் தெளிப்பார், திரும்பவும் சாத்திவிடுவார். பெரிய வியாழனுக்கு முதல்நாள் அவற்றை வெளியே எடுத்தபோது, வெள்ளையும் மஞ்சளுமாக, நரைத்த தலைமுடி போல நீண்ட நாற்று பீங்கான் நிறைய நின்றது. சிவப்பு ரிப்பனால் கட்டி, தேவாலயத்தில் நற்கருணை வைக்கும் பீடத்தடியில் வைக்கக் கொண்டுபோனார். அதன் பெயர் லவுரெட்டி. சிசிலிக்காரர் அந்த 'ட'வை நாங்கள் சொல்வது போலவே நாக்கை மடித்துச் சொல்கிறார்கள். இத்தாலி மொழியில் இல்லாத அந்த ஒலியை அங்கே கேட்டது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

இது எங்கள் முளைப்பாலிகை அல்லவா என்று நான் அப்போதே நினைத்தேன். பொன்னுருக்கிற அன்று சுமங்கலிப் பெண்கள் ஊறவைத்த நவதானியத்தை மண்சட்டிகளில் போடுவதை எங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பதும் வெளிச்சம் புகாத அறைக்குள்தான். இந்தப் பக்கத்தில் இன்னும் பழைய காலத்திலே, கிரேக்கப் பெண்கள் அடோனிஸ் என்ற தெய்வத்துக்காகச் சட்டிகளில் விதை போட்டு முளைக்கவைத்தார்கள். எட்டு நாளில் வளர்ந்துவிடும் அந்தச் சட்டித் தோட்டங்களைப் பற்றி பிளேட்டோ எழுதியிருக்கிறார். சிசிலியும் ஒருகாலத்தில் கிரேக்கர் குடியேறிய பூமிதான்.

இருட்டில் வளரும் நாற்று ஏன் வெள்ளையாகிறது? பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் கிடைக்காத முளை, தன்னிடமுள்ள சேமிப்பு முழுவதையும் உயர்வதிலேயே செலவழித்து வெளிச்சத்தைத் தேடும். தண்டு மெலிந்து நீளும். அதே நாற்றை யன்னலோரம் வைத்தால் ஒருநாளுக்குள் பச்சை ஏறத் தொடங்கிவிடும். சாமிக்கு வைக்கும் முளைக்கு இருட்டு, நாங்கள் குடிக்கும் புல்லுக்கு முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் இருட்டு, அதன்பின் வெளிச்சம். செய்முறை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

முதலில் பயறு, ஏனென்றால் அதுதான் சுலபம்.

காய்ந்த விதைக்குள் மாப்பொருளும் புரதமும் பூட்டிக் கிடக்கின்றன. தண்ணீர் உள்ளே போனதும் நொதிகள் வேலை செய்யத் தொடங்கி மாப்பொருளைச் சீனியாக உடைக்கின்றன. முளைத்த பயறு இனிப்பது அதனால். பருப்பு வகையில் வயிற்று வாய்வுக்குக் காரணமான சில சீனிப் பொருள்கள் முளைக்கும்போது குறைகின்றன. இரும்பும் நாகமும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பைற்றிக் அமிலமும் ஓரளவு குறைகிறது. காய்ந்த விதையில் மிகச் சிறிதளவே இருக்கும் விற்றமின் சி கூடுகிறது.

இந்த விற்றமின் சிக்குப் பின்னால் ஒரு சோகமான கதை உண்டு. முதலாம் உலகப் போரில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை, இன்றைய ஈராக்கில் உள்ள குத் என்ற ஊரில் பிரித்தானியப் படை முற்றுகைக்குள் அகப்பட்டது. அதில் பெருந்தொகையானோர் இந்தியச் சிப்பாய்கள். குதிரை இறைச்சியை நெடுநாள் தொடாமல் ஆட்டா மாவிலேயே காலம் தள்ளிய அவர்களுக்கு முரசு கரையும் ஸ்கேவி நோய் வந்தது. வெள்ளை மாப் பாண் சாப்பிட்ட ஆங்கிலச் சிப்பாய்களுக்கோ பெரிபெரி வந்தது. அந்த ஆண்டுகளில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹரியற் சிக் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும், பருப்பை முளைக்கவைத்துக் கொடுத்தால் ஸ்கேவியைத் தடுக்கலாம் என்று பரிசோதித்துக் காட்டினார்கள். மரக்கறியும் பழமும் போய்ச்சேராத இடத்துக்கு ஒரு சாக்குப் பயறும் தண்ணீரும் போதும் என்பது அன்று பெரிய செய்தி.

ஆனால் பலேர்மோவில் இருக்கும் எங்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. 100 கிராம் முளைப்பயற்றில் விற்றமின் சி ஏறக்குறைய 13 மில்லிகிராம். அதே எடைத் தோடம்பழத்தில் 50 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. மாரிகாலத்தில் பல்லாரோச் சந்தையில் தோடம்பழம் மலையாகக் குவிந்து கிடக்கும்போது விற்றமின் சிக்காக யாரும் பயறு முளைக்கவைக்கத் தேவையில்லை. மலிவு, ருசி, சமிபாடு, கடைக்குப் போகாமல் கிடைக்கும் ஒரு கறி என்பவற்றுக்காக முளைக்கவையுங்கள்.

எந்த விதை வாங்குவது? இங்கே பலர் ஏமாறுகிறார்கள். எங்கள் ஆட்களின் கடைகளில் பச்சைப்பயறு கிடைக்கும். இத்தாலியக் கடையில் 'சோயா வெர்தே' என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் இதே பயறுதான். பெயரைப் பார்த்துச் சோயா என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கடலைக்குச் செச்சி. லென்ட்டிக்கியே முழுதாக, தோலோடு இருக்கவேண்டும். மைசூர்ப் பருப்பு உடைத்தது, அல்லது தோல் நீக்கியது, அது முளைக்காது. கோதுமைக்கு டிசம்பர் மாதம்தான் நல்ல காலம். 13ஆம் திகதி சாந்தா லூச்சியா திருநாளில் பலேர்மோக்காரர் பாணும் பாஸ்தாவும் தொடாமல் கோதுமையை முழுதாக அவித்துக் 'குச்சீயா' செய்து சாப்பிடுகிறார்கள். 1646இல் பஞ்சத்தின்போது தானியக் கப்பல் ஒன்று வந்தது, மாவாக அரைக்கும் வரை பொறுக்காமல் சனம் அப்படியே அவித்துச் சாப்பிட்டது என்று கதை சொல்கிறார்கள். அந்த நாட்களில் கடைகளில் முழுக்கோதுமை தாராளமாக வரும். ஆனால் பைக்கற்றில் 'பெர்லாத்தோ' என்றிருந்தால் அது தோல் தீட்டியது, முளைக்காது. போத்தலில் வருவது ஏற்கெனவே அவித்தது. எதை வாங்கினாலும் முதலில் இருபது விதையை ஈரத் துணியில் சுற்றி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். பதினேழு பதினெட்டாவது முளைக்காவிட்டால் அந்தப் பைக்கற்றைக் கஞ்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முளைக்கு வேண்டாம்.

தோட்டத்துக்கு விதைப்பதற்கென்று விற்கும் விதையைத் தொடவே வேண்டாம். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மருந்து பூசியிருப்பார்கள். சிவப்பு, நீலம் என்று சாயமும் இருக்கும். சாயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சாப்பிடுவதற்கென்று விற்கப்படாத விதை சாப்பாட்டுக்கு வரக்கூடாது.

முளைக்கவைத்துச் சாப்பிடக்கூடாத சிலவும் உண்டு. சிவப்புப் போஞ்சி விதை, புள்ளி போட்ட பொர்லொத்தி போன்றவற்றில் லெக்ரின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. முளைத்தாலும் போகாது. நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் போகும். ஊரில் இறுங்கு என்று சொல்லும் சோளத்தின் இளம் குருத்தில் சயனைட் உண்டாகும், ஆடுமாடே செத்துப்போகும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளையும் சாப்பிடுவதில்லை. சிசிலியில் எல்லா வீட்டிலும் இருக்கும் ஃபாவே என்ற பெரிய அவரையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்கள் அதைச் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கருத்து, உயிருக்கே ஆபத்தாகும். இங்கே அதை ஃபவிஸ்மோ என்கிறார்கள். இந்தக் குறைபாடு மலேரியா இருந்த தேசங்களின் சனத்தில் கூடுதல். சிசிலியும் அப்படி, எங்கள் நாடும் அப்படி. பிள்ளைகளுக்கு இரத்தம் சோதிக்கும்போது இதையும் பார்க்கச் சொல்லி உங்கள் மெடிக்கோவிடம் ஒருமுறை கேட்டுவையுங்கள்.

இனிச் செய்முறை. அரைச் சுண்டு பயறு நாலு பேருக்கு ஒரு நேர வறைக்குப் போதும். கல்லும் உடைசலும் பொறுக்கி, மூன்று நாலு தண்ணீரில் கழுவி, இரவு ஊறவைக்கவும். எட்டு மணித்தியாலம் போதும். காலையில் தண்ணீரை வடித்து, திரும்பக் கழுவி, அகன்ற வாய்ப் போத்தலில் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டி, ஒரு கோப்பைக்குள் சரித்துக் கவிழ்த்து வைக்கவும். மிச்சத் தண்ணீர் ஒழுகவேண்டும். ஊரில் நாங்கள் துணியில் முடிந்து தொங்கவிடுவோம், அதுவும் நல்லதுதான். துணியை ஒவ்வொரு முறையும் கொதிதண்ணீரில் அவித்து வெயிலில் காயவிடவேண்டும் என்பதுதான் அதில் உள்ள கரைச்சல். காலையும் மாலையும், வெக்கையென்றால் மத்தியானமும், நல்ல தண்ணீரில் அலசி வடிக்கவேண்டும். ஒன்றரை நாளில் அரை அங்குல முளை வந்துவிடும். வறைக்கு அது அளவு.

பலேர்மோவில் இரண்டு விடயம் எங்களுக்கு எதிரி. ஒன்று தண்ணீர். பல வீடுகளில் கூரைத் தாங்கியில் நாட்கணக்கில் கிடந்த தண்ணீர்தான் குழாயில் வருகிறது. 2024 ஒக்ரோபரில் வரட்சியால் தண்ணீரைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டு விடத் தொடங்கியபோது இன்னும் மோசம். தாங்கி கழுவி நாளாகியிருந்தால், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் அலசுங்கள். இரண்டாவது எதிரி சிரோக்கோ. ஆபிரிக்காவிலிருந்து அந்தக் காற்று வீசும் நாளில் காலையில் அலசி வைத்த பயறு பின்னேரத்துக்குள் கொழகொழவென்று மணந்துவிடும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நான் முளை போடுவதே இல்லை. மணத்தால் சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள். கழுவி எடுத்துச் சமாளிக்கலாம் என்று பார்க்கவேண்டாம்.

மணமே வராமலும் கிருமி இருக்கலாம். முளை வளர்வதற்கு வேண்டிய ஈரமும் சூடும்தான் கிருமி பெருகுவதற்கும் வேண்டும். விதைத் தோலின் வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் கழுவி எடுக்க முடியாது. 2011 மே மாதம் வட ஜேர்மனியில் ஈகோலை கிருமியின் கொடிய வகையொன்று பரவியது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயில் பழியைப் போட்டார்கள், அது பிழை. கடைசியில் பிடிபட்டது முளைக்கீரை. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையிலிருந்து முளைக்கவைத்தது என்று கண்டார்கள். ஏறக்குறைய நாலாயிரம் பேர் நோயுற்று, ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. செத்தவர்களும் சலட்டில் தூவியிருந்ததைச் 'சத்தான சாப்பாடு' என்று நம்பிச் சாப்பிட்டவர்கள்தான். வெந்தயம் எங்கள் வீட்டுச் சாமான் என்பதால் இந்தச் செய்தியை நான் மறப்பதில்லை.

அதனால் என் வீட்டில் முளைப்பயறு பச்சையாகச் சாப்பிடுவதில்லை. ஆவி நன்றாகப் பறக்கும் வரை ஐந்து நிமிடம் அவித்தால் மொறுமொறுப்பும் போகாது, பயமும் இல்லை. கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அவித்த முளையைப் போட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்கினால் வறை. புட்டோடு சாப்பிடலாம். நீங்கள் பச்சையாகத்தான் சாப்பிடுவேன் என்றால் அது உங்கள் விருப்பம். ஆனால் கர்ப்பிணிப் பெண்கள், சிறு பிள்ளைகள், வயதானவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள் ஆகியோருக்குப் பச்சை முளை கொடுக்கவே வேண்டாம்.

சின்யோராவின் வீட்டில் நான் 'குசினி' என்று சொன்னபோது அவர் சிரித்தது நினைவு வருகிறது. அவர்களது 'குச்சினா'வை நான் பிழையாகச் சொல்கிறேன் என்று நினைத்தார். எங்களுக்கு அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்று விளங்கப்படுத்த எனக்கு அப்போது மொழி போதாது. அந்தக் குசினி யன்னலில்தான் நான் முதன்முதல் கோதுமைப் புல் வளர்த்தேன்.

ஒரு சாண் நீள அகலமுள்ள தட்டத்துக்கு ஒரு சுண்டு கோதுமை வேண்டும். இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, வெள்ளை முளை எட்டிப் பார்க்கும் வரை ஒருநாள் பொறுக்கவும். அடியில் துளையுள்ள பிளாஸ்ரிக் தட்டத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மண் பரப்பி, ஈரமாக்கி, கோதுமையை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகப் பரப்பவும். மேலே மண் போடத் தேவையில்லை. ஈரமான கடதாசியால் மூடி இருட்டில் வைக்கவும். இரண்டு மூன்று நாளில் முளை கடதாசியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது கடதாசியை எடுத்துவிட்டு யன்னலோரம் வையுங்கள். நேர் மத்தியான வெயில் கூடாது, காலை வெயில் நல்லது. நாளுக்கு ஒருமுறை அளவாகத் தண்ணீர். அடியில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சணம் வரும்.

பூஞ்சணமா வேரா என்று பலர் கேட்டிருந்தீர்கள். முளைவேரைச் சுற்றி ஒரே சீராக வெள்ளைப் பஞ்சு போல நிற்பது வேர்மயிர். தண்ணீர் பட்டதும் படிந்துவிடும். விதைக்கு விதை தாவி, சிலந்தி வலை போலச் சாம்பல் நிறத்தில் பரவி, புளித்த மணம் அடிப்பது பூஞ்சணம். அது கண்டால் தட்டம் முழுவதையும் எறியவேண்டும். மேலேயுள்ள புல்லை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள்.

புல் ஒரு சாணைத் தொடும் நேரம், ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், சுத்தமான கத்தரிக்கோலால் விதைக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டவும். விதையும் மண்ணும் சேரக்கூடாது. பிந்தினால் நார் ஏறிக் கசக்கும். இரண்டாம் முறையும் துளிர்க்கும், ஆனால் ருசி குறைவு, பூஞ்சணமும் சுலபமாகப் பிடிக்கும். நான் ஒரே அறுவடையோடு விட்டுவிடுவேன். வெட்டியதைக் கழுவி, சிறிது தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து உடனே குடிக்கவேண்டும். முதல்நாள் இரண்டு மேசைக்கரண்டி போதும். கூடக் குடித்தால் சிலருக்குக் குமட்டும். இதுவும் பச்சைச் சாறுதான், ஆகவே முளைக்குச் சொன்ன அதே ஆட்களுக்கு இதுவும் வேண்டாம்.

இனிச் சித்தப்பாவின் கதை.

என் சித்தப்பாவுக்கு நெடுநாள் சீனி வருத்தம். ஒரு துண்டுப் பிரசுரத்தில் வாசித்ததை வைத்து நான்தான் அவருக்குச் சொன்னேன், "புல்லுச் சாறு சீனிக்கு நல்லதாம்" என்று. தட்டமும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த 'ஆம்' அவர் காதில் விழவில்லை. மூன்று கிழமை கழித்துச் சித்தி பதறிப்போய்க் கூப்பிட்டார். மனுசன் தண்ணீர் தண்ணீர் என்று குடிக்கிறார், கண் மங்கலாம், கதிரையை விட்டு எழும்புகிறார் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் சீனி 430.

"சித்தப்பா, குளிசையை எப்ப விட்டனீங்கள்?"

"சாறு குடிக்கத் தொடங்கினவுடன விட்டிட்டன் பிள்ளை. நீ தானே சொன்னனீ."

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிர் தப்பியது. அதன்பிறகுதான் இந்தப் புல்லின் கதையை நான் ஒழுங்காகத் தேடி வாசித்தேன்.

1930களில் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஷ்னாபல் என்ற வேளாண்மை இரசாயனவியலாளர் இளம் தானியப் புல்லைக் கோழிகளுக்குக் கொடுத்தார், முட்டை கூடியது. அங்கிருந்து அது மனிதருக்கான தூளாகக் கடைக்கு வந்தது. இன்று நாங்கள் குடிக்கும் சாற்றைப் பிரபலப்படுத்தியவர் ஆன் விக்மோர். லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நிலையம் நடத்தியவர். தன் முறையால் சீனி நோயாளருக்கு இன்சுலின் தேவை குறையும், இல்லாமலும் போகும் என்று அவர் எழுதியதற்காக 1982இல் மசாசூசெற்ஸ் மாநிலச் சட்டமா அதிபர் வழக்குப் போட்டார். விக்மோர் அந்தக் கூற்றைக் கைவிட்டார். அங்கே கைவிட்ட கூற்றுத்தான் மொழி மாறி, பிரதி எடுத்துப் பிரதி எடுத்து, என் கைக்கு வந்து, என் வாயால் சித்தப்பாவிடம் போயிருக்கிறது.

"பச்சையமும் எங்கள் இரத்தமும் ஒன்று, ஆகவே புல்லுச் சாறு இரத்தம் ஊறவைக்கும்" என்பதும் அதே பிரசுரத்தில் இருந்தது. இரண்டின் அமைப்பிலும் ஒத்த வளையம் ஒன்று உண்டு என்பது உண்மை. ஆனால் பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம், ஈமோகுளோபினின் நடுவில் இருப்பது இரும்பு. குடிக்கும் பச்சையத்தை உடம்பு ஈமோகுளோபினாக மாற்றுவதில்லை. சிசிலியில் தலசீமியா அதிகம் என்பதால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வரும். 2004இல் சண்டிகார் மருத்துவர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், சாறு குடித்த 16 பிள்ளைகளில் 8 பேருக்கு இரத்தம் ஏற்றும் தேவை கால்வாசிக்கு மேல் குறைந்தது. சாறு குடிக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பின்னர் வந்த ஆய்வு அதை உறுதிப்படுத்தவும் இல்லை. இஸ்ரேலில் 2002இல் பெருங்குடல் புண் நோயாளர் 23 பேரிடம் செய்த சோதனையில் சிறிது பலன் தெரிந்தது. 23 பேரை வைத்து உலகத்துக்கே மருந்து சொல்ல முடியாது. ஒரு அவுன்ஸ் சாறு ஒரு கூடை மரக்கறிக்குச் சமம் என்பதும் கதைதான். பசளிக்கீரையில் என்ன சத்தோ ஏறக்குறைய அதுதான் இதிலும். பி12 விற்றமினை இதில் எதிர்பார்க்கவேண்டாம். மச்சம் சாப்பிடாதவர்கள் இதைக் கவனியுங்கள்.

இன்னும் இரண்டு பேர் குடிக்க முன் யோசிக்கவேண்டும். இரத்தம் உறையாமலிருக்கக் கூமதின், அதாவது வார்பரின் எடுப்பவர்கள். பச்சைச் சாற்றிலுள்ள விற்றமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். இன்று குடித்து நாளை விட்டால் இரத்தச் சோதனை அளவு ஏறி இறங்கும். மற்றது செலியாக்கியா உள்ளவர்கள். புல்லின் இலையில் குளூற்றன் இல்லை, விதையில் இருக்கிறது. வீட்டில் வெட்டும்போது விதை கலக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எந்தச் சாறு குடித்தாலும் மெடிக்கோவிடம் சொல்லுங்கள். 'இதெல்லாம் சொன்னால் சிரிப்பார்' என்று மறைப்பதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம். சித்தப்பாவின் மெடிக்கோ சிரிக்கவில்லை. எத்தனை மில்லி என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

வெட்டிய பிறகு அந்த வேர்ப்பாயை என்ன செய்வது என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. தலைகீழாகப் புரட்டிப் பூச்சாடி மண்ணில் புதைத்தால் ஒரு மாதத்தில் உக்கிவிடும். அந்த மண்ணில் கறிவேப்பிலைக் கன்று நன்றாக வருகிறது. இடமில்லாவிட்டால் குப்பையில் ஓர்கானிக்கோ பையில் போடுங்கள். சித்தப்பா இப்போதும் பால்கனியில் புல் போடுகிறார். காலையில் குளிசை, சாப்பாடு, அதன்பின் இரண்டு கரண்டி சாறு. தட்டத்தில் மிஞ்சுவது மேல்மாடிப் பிள்ளையின் முயலுக்குப் போகிறது.